'மெடிக்கல் வேப்' என்று நம் வீடுகளுக்குள் வருவது மருந்தா?



நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது முழுவதும் வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டுக் கொமெண்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

கொஞ்ச நாட்களாக நம்மூர் வட்ஸ்அப் குரூப்களில் ஒரு வொய்ஸ் சுற்றுகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். "வெளிநாட்டில் கஞ்சா இப்போது மருந்து. கென்சர் நோயாளியின் வலிக்கு டொக்டர்மாரே கொடுக்கிறார்கள். புகைக்கத் தேவையில்லை, வேப்பில் இழுத்தால் வெறும் ஆவிதான். மணம் இல்லை, பக்கவிளைவு இல்லை. எந்த மெஷின் நல்லது என்று கேட்டால் இன்பொக்ஸ் வாருங்கள்." இதுதான் சாரம். பேசுபவர் பெயர் சொல்லவில்லை. கடைசியில் ஒரு துஆவும் ஓதுகிறார். அதனால் நம்பிக்கை இன்னும் கூடிவிடுகிறது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர். டொக்டர் இல்லை. ஆனால் இந்த வொய்ஸில் உள்ள பொய்யைக் காட்ட டொக்டராக இருக்க வேண்டியதில்லை. தரம் 9 விஞ்ஞானமும் கொஞ்சம் தேடலும் போதும். நோயாளியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. இரவு முழுக்க வலியில் முனகுகிற உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு எது கிடைத்தாலும் வாங்கத்தான் மனம் வரும். அந்த மனதை வைத்துக் காசு உழைக்கிறவர்களோடுதான் எனக்குச் சண்டை. அவர்களைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்கிற நம் பெரியவர்களோடும்தான்.

முதலில் அதில் உள்ள உண்மையை ஒத்துக்கொள்வோம். உண்மையை மறைத்துவிட்டுப் பொய்யை அடிக்க முடியாது.

கஞ்சாச் செடியில் உள்ள சில பதார்த்தங்கள் மருந்தாகப் பயன்படுவது உண்மை. கனடாவில் 2001 முதல், ஜெர்மனியில் 2017 முதல், பிரித்தானியாவில் 2018 நவம்பர் முதல் வைத்தியர் எழுதிக் கொடுத்தால் சட்டப்படி எடுக்கலாம். கீமோ எடுப்பவர்களின் அடங்காத வாந்திக்கு, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் தசை இறுக்கத்துக்கு, சிறுபிள்ளைகளுக்கு வரும் சில அபூர்வமான வலிப்பு நோய்களுக்கு இது உதவுகிறது.

சரி, அந்த மருந்துகள் எப்படி இருக்கின்றன? வலிப்புக்கு அமெரிக்காவில் 2018 இல் அனுமதி கிடைத்த எபிடியோலெக்ஸ், வாயால் குடிக்கிற பாணி. தசை இறுக்கத்துக்கான சடிவெக்ஸ், வாய்க்குள் அடிக்கிற ஸ்பிரே. வாந்திக்கான ட்ரொனாபினோல், கெப்சியூல். மூன்றில் ஒன்றுகூட வேப் பேனா இல்லை. மூன்றுக்கும் ஒரு தடவைக்கு எத்தனை மில்லிகிராம் என்று கணக்கு உண்டு. வொய்ஸில் பேசுகிறவர் இந்த மூன்றில் ஒன்றின் பெயரையாவது சொன்னாரா?

அடுத்தது, மெஷின் கதை.

மருந்துக்காகச் செய்யப்பட்ட ஆவியாக்கும் கருவியும் உலகத்தில் இருக்கிறது. ஜெர்மனியின் டுட்லிங்கன் நகரில் உள்ள ஸ்டோர்ஸ் அண்ட் பிக்கெல் என்ற கம்பனியின் வொல்கேனோ மெடிக் அப்படி ஒன்று. மருத்துவ உபகரணமாகப் பதிவானது. அது எப்படி வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால், நம்மூரில் விற்கிற சாமான் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

எந்தச் செடியையும் கொளுத்தினால் தார், காபனோரொட்சைட்டு எல்லாம் வரும். கஞ்சாவும் அப்படித்தான். ஆனால் கொளுத்தாமல் சூடான காற்றை மட்டும் அதனூடாக அனுப்பினால், சுமார் 180 முதல் 210 பாகை செல்சியஸுக்குள் மருந்துப் பதார்த்தங்கள் ஆவியாகிவிடும், செடி கருகாது. சுமார் 230 பாகையைத் தாண்டினால் கருகத் தொடங்கும். ஆகவே அந்தக் கருவியின் முழு விசயமும் வெப்பநிலையைச் சரியாகப் பிடித்து வைப்பதுதான்.

அந்த நாடுகளில் ஒரு நோயாளி கருவி தேர்வு செய்யும்போது பார்க்கிற விசயங்கள் இவை:

1. வெப்பநிலையைப் பாகைக் கணக்கில் வைக்க முடிகிறதா?
2. உள்ளே போவது ஆய்வுகூடத்தில் பரிசோதித்து, பாமசியில் தரப்பட்ட காய்ந்த பூவா? பூஞ்சணம், கிருமிநாசினி, பார உலோகம் இல்லை என்று உறுதி செய்யப்பட்டதா? எத்தனை வீதம் என்று லேபலில் இருக்கிறதா?
3. ஆவி வருகிற பாதை சூட்டைத் தாங்கும் பொருளால் ஆனதா, அல்லது சூட்டில் மணக்கிற மலிவுப் பிளாஸ்டிக்கா?
4. ஒரு தடவைக்கு எவ்வளவு என்று வைத்தியர் எழுதித் தந்திருக்கிறாரா? மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்று பார்த்தாரா?
5. ஏதும் பிழைத்தால் போய்ச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா?

இப்போது நம்மூரில் கைமாறுகிற பேனாவை எடுங்கள். வெப்பநிலை தெரியாது. உள்ளே இருப்பது பூ இல்லை, காட்ரிஜில் அடைத்த ஏதோ ஓர் எண்ணெய். யார் அடைத்தது, தெரியாது. எத்தனை வீதம், தெரியாது. வைத்தியர் இல்லை. ஏதும் நடந்தால் இன்பொக்ஸில் புளொக் பண்ணிவிட்டுப் போய்விடுவார். ஐந்து கேள்விக்கும் ஒரு பதிலும் இல்லாத சாமானுக்கு 'மெடிக்கல்' என்று பெயர் வைக்க எப்படி நா வருகிறது?

"வெறும் ஆவிதான்" என்பது அடுத்த பொய்.

2007 இல் சான் பிரான்சிஸ்கோவில் 18 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. கொளுத்திப் புகைப்பதையும் வொல்கேனோ கருவியில் ஆவியாக இழுப்பதையும் ஒப்பிட்டார்கள். ஆவியாக இழுத்தபோது மூச்சில் காபனோரொட்சைட்டு வெகுவாகக் குறைந்தது. நல்ல விசயம். ஆனால் போதை தருகிற டி.எச்.சி. இரத்தத்தில் ஏறிய அளவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதாவது அந்த நல்ல கருவியிலேயே குறைவது புகையின் நஞ்சு, போதை அப்படியே இருக்கிறது. அப்படி இருக்க, பேனாவில் வருவதை 'ஆவி' என்று சொல்லி ஹஸ்ரத் வீட்டுக்கும் விற்கிறார்கள்!

எண்ணெய்க் காட்ரிஜ் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2019 இல் இளைஞர்கள் திடீரென்று மூச்செடுக்க முடியாமல் ஆஸ்பத்திரிகளில் சேரத் தொடங்கினார்கள். 2020 பெப்ரவரி வரை 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள், 68 பேர் மரணித்தார்கள். பெரும்பாலானோர் இழுத்தது டி.எச்.சி. எண்ணெய். அதுவும் கூட்டாளி கொடுத்தது, தெருவில் வாங்கியது, ஓன்லைனில் எடுத்தது. எண்ணெயைத் தடிப்பாகக் காட்டுவதற்கு விற்றமின் ஈ அசிற்றேற்று என்ற பதார்த்தத்தைக் கலந்திருந்தார்கள். அது தோலில் பூசினால் பிரச்சினை இல்லை. விழுங்கினாலும் பெரிதாக ஒன்றும் இல்லை. சுவாசப்பைக்குள் போனால் கதை வேறு. அவ்வளவு ஆய்வுகூடமும் அதிகாரிகளும் உள்ள நாட்டிலேயே காரணத்தைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கு எடுத்தது. நம்மூரில் ஒருவர் அப்படி மவ்த்தானால் "நெஞ்சு வலி" என்று சொல்லி அடக்கிவிட்டு வந்துவிடுவோம்.

இன்னொன்று. இங்கிலாந்தில் பாடசாலைகளில் பிள்ளைகளிடமிருந்து பறித்த வேப்களை பாத் பல்கலைக்கழகம் பரிசோதித்து 2024 இல் முடிவைச் சொன்னது. ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' என்கிற செயற்கைப் போதை இருந்தது. அது செடியிலிருந்து வருவதே இல்லை, இரசாயனத்தில் செய்வது. வாங்கிய பிள்ளைகளில் பலர் அதைக் கஞ்சா எண்ணெய் என்று நினைத்திருந்தார்கள். உங்கள் வாப்பாவுக்கு வாங்குகிற காட்ரிஜில் இருப்பது கஞ்சா என்றுகூட உங்களால் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

"எங்க வாப்பாக்கு இழுத்த பிறகு வலி குறைஞ்சிச்சே டீச்சர்" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. குறைந்திருக்கலாம். போதையில் வலி மறக்கும், தூக்கமும் வரும். ஆனால் அதே சாமான் இதயத் துடிப்பைக் கூட்டும், எழும்பும்போது பிரஷரைக் குறைக்கும். வயதானவர் இரவில் பாத்ரூம் போகும்போது விழுந்து இடுப்பு உடைந்தால் அந்த வலிக்கு எதை இழுப்பது? வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்து குடிப்பவருக்கு சி.பி.டி. சேர்ந்தால் இரத்தம் கசிகிற ஆபத்து கூடும். கீமோவால் நோயெதிர்ப்புச் சக்தி இறங்கியிருப்பவர் பரிசோதிக்காத கஞ்சாவை இழுத்தால் அதிலுள்ள பூஞ்சணமே சுவாசப்பையில் குடியேறலாம். இதையெல்லாம் வொய்ஸில் சொன்னார்களா?

"ஆயுர்வேதத்திலேயே கஞ்சா இருக்கே" என்பது அடுத்த வாதம். இருக்கிறது. மதன மோதகம் போன்ற மருந்துகளில் அது சேர்வது உண்மை. ஆனால் அதைச் செய்வது பதிவு பெற்றவர்கள், சட்டம் விட்ட வழியில், பக்குவம் பார்த்து, வாயால் உண்ணும் மருந்தாக. பதிவு பெற்ற ஆயுர்வேத, யூனானி வைத்தியர் எவரும் சீனப் பேனாவில் எண்ணெய் ஊற்றி இழுக்கச் சொன்னதில்லை. அவர்களின் மரபைக் காட்டி இந்த வியாபாரத்தை மூடாதீர்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி கஞ்சா வைத்திருப்பது குற்றம். "சுகமில்லாத ஆளுக்கு" என்று சொன்னால் பொலிஸ் விடாது. புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளை இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016 இல் வர்த்தமானி மூலம் தடை செய்யப்பட்டது. 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்க முடியாது என்று 2006 இலேயே சட்டம் இருக்கிறது. கனடாவில் இருக்கிற உங்கள் மச்சானுக்கு அங்கே டொக்டர் எழுதிக் கொடுத்திருக்கலாம். அது அவருக்கும் அந்த நாட்டுக்கும். அதை எல்லை தாண்டிக் கொண்டு போவது, மருத்துவத் துண்டு இருந்தாலும், கனடாச் சட்டத்திலேயே குற்றம். வளைகுடா ஊடாக வருகிற சகோதரர்கள் இதை இரண்டு முறை வாசிக்க வேண்டும். ட்ரான்சிட்டில் பேக்கைத் திறந்தால் அங்கே விளங்கப்படுத்த நேரம் கிடைக்காது. பிடிபடுவது தூக்கி வந்த பிள்ளைதான். வொய்ஸ் போட்டவர் இல்லை.

இப்போது மார்க்கம். நான் ஆலிமா இல்லை, ஃபத்வா கொடுக்கவில்லை. நம் எல்லோருக்கும் மத்ரஸாவில் சொல்லித் தந்த அடிப்படையைத்தான் நினைவூட்டுகிறேன். போதை தருவது ஹறாம். நிர்ப்பந்தம் வந்தால் விலக்கு உண்டு, ஆனால் நிர்ப்பந்தத்தின் அளவுக்கு மட்டும். நிர்ப்பந்தம் இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவர் விசயம் தெரிந்த, நம்பிக்கையான வைத்தியர். வேறு ஆகுமான வழி இருந்தால் நிர்ப்பந்தம் என்ற வாசல் திறப்பதே இல்லை.

வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது. இந்தப் பதிவை எழுத வைத்ததே அதுதான்.

கென்சர் வலிக்கு மோர்பின் என்ற மருந்து இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 1977 இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே இருந்த மருந்து. நம் நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. மஹரகம அபேக்ஷாவில் மட்டும் என்று நினைக்காதீர்கள், மட்டக்களப்பிலும் தெல்லிப்பழையிலும் கென்சர் பிரிவுகள் இருக்கின்றன. வாயால் குடிக்கிற மாத்திரை. அளவு தெரியும், கம்பனி தெரியும், எழுதித் தந்த டொக்டர் தெரியும்.

அந்த மாத்திரை நம் வீடுகளில் என்ன ஆகிறது? அலுமாரிக்குள் கிடக்கிறது. "மோர்பின் என்றால் கடைசி மருந்து, கொடுத்தால் மவ்த்து கிட்ட வந்துடும்", "அடிமையாகிடுவாங்க", "அது ஹறாம்" என்று சொல்லிக் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். வலி தாங்க முடியாமல் போகும்போது மட்டும் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அது வேலை செய்வதற்குள் அந்த மனிதர் துடித்துவிடுகிறார். பிறகு "மாத்திரை சரியில்லை" என்று முடிவு செய்து, இன்பொக்ஸுக்குப் போய்ப் பேனா வாங்குகிறார்கள். டொக்டர் எழுதிக் கொடுத்ததை ஹறாம் என்று ஒதுக்கிவிட்டு, பெயர் தெரியாதவன் விற்றதை ஹலால் ஆக்கிக்கொள்வது என்ன நியாயம்?

கென்சர் வலிக்கு மோர்பின் மணி பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. சாதாரண மாத்திரை என்றால் நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, மெதுவாக வேலை செய்யும் மாத்திரை என்றால் பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. வலி வந்த பிறகு துரத்திப் பிடிப்பதற்கில்லை, வராமல் தடுத்து வைப்பதற்கு. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து தருவார்கள், அதையும் கொடுக்க வேண்டும். அளவு போதாவிட்டால் நீங்களாகக் கூட்டக் கூடாது, கிளினிக்கில் சொல்ல வேண்டும். கிளினிக்கில் "எப்படி இருக்கு?" என்று டொக்டர் கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு வருகிறோம். அல்லாஹ்வைப் புகழ்வது சரி. அதோடு, "பத்துக்கு எட்டு வலி, இரவில் தூக்கம் இல்லை" என்றும் சொல்லுங்கள். சொல்லாத வலிக்கு எந்த டொக்டரும் மருந்து எழுத மாட்டார்.

"பொறுமையாக இருங்க, பாவம் மன்னிக்கப்படும்" என்று நோயாளியிடம் சொல்லிவிட்டு வருகிற ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. பொறுமைக்குக் கூலி உண்டு, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மருந்து இருக்கும்போது கொடுக்காமல் வைத்துவிட்டு, பொறுமையை அவர் தலையில் கட்டுவது பொறுமை இல்லை. நீங்கள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறீர்கள். இரவு முழுக்க அந்த முனகலைக் கேட்பது வீட்டுப் பெண்கள். மருந்து கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவை அவர்களிடம் கேட்காமல் எடுக்காதீர்கள்.

பிள்ளைகள் பக்கம் வருகிறேன்.

வாப்பும்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிற பேனா அங்கேயே இருக்கும் என்று நினைக்கிறீர்களா? பார்த்தால் ஹைலைட்டர் மாதிரி, பென் டிரைவ் மாதிரி. மாம்பழ மணம், ஸ்ட்ரோபெரி மணம். நம் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஒரு மாணவனின் பையிலிருந்து எடுத்தபோது அவன் பயப்படவே இல்லை. "இது மருந்து, எங்க வீட்டிலயும் இருக்கு" என்றான். பதினைந்து வயது. அவனை என்ன சொல்லி ஏசுவது? வீட்டில் பெரியவர்கள் வைத்த பெயரைத்தான் அவன் திருப்பிச் சொன்னான். சிகரெட்டை ஒளித்துப் பிடிக்கிற பிள்ளைக்கு அது பிழை என்றாவது தெரியும். மருந்து என்று நம்பி இழுக்கிற பிள்ளையைத் திருப்ப டீச்சருக்கு வழி இல்லை. வளர்ந்துகொண்டிருக்கிற மூளையில் இந்த டி.எச்.சி. ஞாபகசக்தியையும் கவனத்தையும்தான் முதலில் தின்னும். ஓ.எல். எழுத இருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன இருக்கிறது?

ஆகவே கேட்கிறேன்.

குரூப் அட்மின்மாரே, அந்த வொய்ஸை அழியுங்கள். போட்டவரிடம் மேலே உள்ள ஐந்து கேள்வியையும் எல்லோர் முன்னும் கேளுங்கள். பதில் வராது.

பள்ளி நிர்வாகத்தினரே, போதை ஒழிப்பு என்று பெனர் கட்டி ஊர்வலம் போனது போதும். மஹல்லாவில் எத்தனை கென்சர் நோயாளிகள் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். கிளினிக் நாளில் ஒரு வேன் போட ஸதகா நிதியில் வழி பாருங்கள். பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போக முடியாததால்தான் பலர் கிளினிக்கை விட்டுவிட்டுப் பேனாவுக்கு வருகிறார்கள்.

கதீப்மாரே, ஒரு ஜும்ஆவில் டொக்டர் எழுதித் தருகிற வலி மருந்தைப் பற்றி மார்க்க விளக்கம் சொல்லுங்கள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் பத்து வீட்டு அலுமாரி திறக்கும்.

நோயாளி இருக்கிற குடும்பங்களே, பேனா வாங்கியிருந்தால் உங்களை ஒருவரும் ஏச வேண்டியதில்லை. ஆனால் இன்றோடு நிறுத்துங்கள். இழுத்த பிறகு இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல், வாந்தி இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் டொக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மானத்துக்குப் பயந்து மறைத்தால் அவருக்குச் சரியான மருந்து கொடுக்க முடியாது.

விற்கிறவர்களே, உங்களுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நம் உம்மா வாப்பாமாரின் கடைசி நாட்களை வைத்து உழைக்கிற காசு உங்கள் பிள்ளைகளின் தட்டுக்குத்தான் வருகிறது. அதை மட்டும் யோசியுங்கள்.

அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. கடைசி நேரத்தில் இருப்பவர்களின் வேதனையை இலேசாக்குவானாக. ஆமீன்.

பகிர்பவர்கள் முழுமையாகப் பகிருங்கள், வெட்டிப் பகிர வேண்டாம். மோர்பின், கிளினிக் சம்பந்தமாக நம்மூர் டொக்டர்மார், நேர்ஸ்மார் யாரும் இருந்தால் கீழே விளக்கம் எழுதுங்கள், எல்லோருக்கும் உதவியாக இருக்கும்.